மோவாய் முடிக்கு லேசரா? அதற்கு முன்னால் ஒரு ஸ்கேன்!



கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் ஒரு சகோதரி, "மகளுக்கு மோவாயில் முடி வளர்கிறது. லேசர் செய்யலாமா? கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் செய்ய வேண்டும்?" என்று இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு என்று பலரும் பதில் எழுதுவார்கள். அதெல்லாம் அவரவர் அனுபவம். எங்கள் குடும்பத்தில் இதே விஷயம் போன வருஷம் பெரிய பாடாகிப் போனதால், தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்குச் செட்டிகுளம். பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் வாங்கும் வியாபாரி யாரைக் கேட்டாலும் எங்கள் ஊரைச் சொல்வார்கள். வெங்காயம் வைத்தால் களையெடுப்பதிலிருந்து தாள் அறுத்துப் பட்டறை போடுகிற வரை பெண்கள் கைதான். அதாவது பகல் முழுக்க வெயில். இந்த வெயிலை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

என் நாத்தனார் மகளுக்கு 24 வயது. தையில் நிச்சயம் ஆயிற்று, வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. அவளுக்கு மோவாயிலும் கன்னத்து ஓரத்திலும் கறுப்பாக, தடிப்பாக முடி வரும். வாரம் ஒரு தடவை நூல் வைத்து எடுப்பாள். நிச்சயத்துக்கு வந்த யாரோ ஒரு அம்மாள், "பொண்ணுக்கு மீசை இருக்கு போல" என்று காதோடு காதாகச் சொன்னது இவள் காதிலும் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். டவுனில் ஓர் அழகு நிலையத்தில், "6 தடவை லேசர், 30 ஆயிரம், ஆயுசுக்கும் முடி வராது" என்று சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டார்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தண்டாயுதபாணி மலைக்குச் சாமி கும்பிட வந்தபோது அந்தப் பெண் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்தாள். வீட்டுக்குள் வந்து விலக்கிக் காட்டினாள். மோவாயிலும் இரண்டு கன்னத்திலும் தோசைக் கரண்டி முனையால் சூடு வைத்த மாதிரி வரிசையாகக் கறுப்புத் திட்டுகள். லேசர் செய்த அன்று ராத்திரியே எரிச்சல், மறுநாள் கொப்புளம், அது காய்ந்து இந்தக் கறுப்பு. போய்க் கேட்டதற்கு, "சிலருக்கு அப்படித்தான் ஆகும், ஐஸ் வையுங்க" என்றார்களாம்.

"அத்தை, நான் இந்த மூஞ்சியோட மணையில உக்கார மாட்டேன்" என்று அழுதாள். நாத்தனார் மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே ஆலத்தூர் கேட் வந்து பஸ் ஏறி, திருச்சி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார். ஆனால் முதலில் அவர் கேட்டது முகத்தைப் பற்றியே இல்லை. "ஏம்மா, மாசா மாசம் ஒழுங்கா குளிக்கிறியா?" இவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: 2 மாதம், 3 மாதம் தள்ளித்தான் வருமாம். 18 வயதிலிருந்தே அப்படித்தானாம்.

சகோதரிகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு ஆண்களைப் போல மோவாயிலும், மேல் உதட்டிலும், நெஞ்சிலும் தடித்த முடி வந்தால், கூடவே மாதவிலக்கும் தள்ளிப் போனால், பெரும்பாலும் அது உள்ளே இருக்கும் ஹார்மோன் சங்கதி. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற பி.சி.ஓ.எஸ். தான் இதற்கு அதிகமான காரணம். முடி அதன் ஓர் அடையாளம், அவ்வளவுதான். வேரை விட்டுவிட்டு மேலே லேசர் வைத்தால், அது கொல்லும் முடிக்குப் பதிலாக ஹார்மோன் புது முடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வருஷக் கணக்கில் மெதுவாக வருவது வேறு. சில மாதங்களிலேயே மளமளவென்று முடி வளர்ந்து, குரலும் தடித்தால், ஒரு நாளும் தள்ளிப் போடாமல் காட்ட வேண்டுமாம். அபூர்வமாகச் சிலருக்குக் கட்டி காரணமாக இருக்கலாம்.

ஸ்கேன் எழுதிக் கொடுத்ததும் நாத்தனாருக்கு முகம் இருண்டுவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேன் எல்லாம் வேணாம் அண்ணி. கல்யாணம் நிச்சயமான பொண்ணு. கர்ப்பப்பையில என்னமோன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா யாரு கட்டுவா?" என்றார். அவர் பயத்தில் தப்பில்லை. "கல்யாணமாகாத பொண்ணை உள்ளே சோதிப்பாங்களோ" என்ற பயமும் சேர்ந்திருந்தது. திரும்ப உள்ளே போய் அதையும் கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "நிறையத் தண்ணி குடிச்சுட்டு, யூரின் போகாம வரணும். வயித்து மேல வச்சுத்தான் பார்ப்பாங்க. வேற ஒண்ணும் கிடையாது" என்றார். இது தெரியாமலே எத்தனை வீட்டில் ஸ்கேன் தள்ளிப் போகிறதோ!

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் (தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன்) எடுத்ததில் பி.சி.ஓ.எஸ். என்று உறுதியானது. "குழந்தை பிறக்காதா டாக்டர்?" என்று நாத்தனார் கேட்டே விட்டார். "அப்படி யாரு சொன்னது? கரு முட்டை மாசா மாசம் ஒழுங்கா வர்றதில்ல, அதனால சிலருக்குத் தாமதம் ஆகும். அதுக்கு மாத்திரை இருக்கு. உடம்பு எடையைக் கொஞ்சம் குறைச்சாலே பல பேருக்கு ஒழுங்காயிடும்" என்றார். மகப்பேறு டாக்டரிடமும் அனுப்பினார். மருந்து சாப்பிட்டாலும் முகத்து முடியில் வித்தியாசம் தெரிய குறைந்தது 6 மாதம் ஆகும் என்பதையும் சொல்லிவிட்டார்.

இனி லேசர் விஷயம். வீட்டில் பிசிக்ஸ் படிக்கிற என் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே கொடியில் வெள்ளை வேட்டியையும் கறுப்பு ரவிக்கையையும் காயப் போட்டுத் தொட்டுப் பாருங்கள். கறுப்புதான் சுரீரென்று சுடும். லேசர் செய்வதும் அதுதான். அது ஒரே அலைநீளமுள்ள ஒளி. முடியில் இருக்கும் கறுப்பு நிறமி அந்த ஒளியை வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. 1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பவர் முதல் லேசரைச் செய்தார். சில வருஷங்களுக்குள்ளேயே கோல்ட்மேன் என்ற தோல் டாக்டர் அதைத் தோலில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் சுற்றியுள்ள தோலைச் சுடாமல் வேண்டிய நிறத்தை மட்டும் எப்படிச் சுடுவது என்ற கணக்கை, 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர்தான் தெளிவாகச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு இது சுலபம். வெளுத்த தோல், கறுத்த முடி. நம் கதை அப்படியா? முடியில் இருக்கும் அதே நிறமி நம் தோலிலும் இருக்கிறது. லேசருக்கு ஆள் அடையாளம் தெரியாது. தோலையும் சேர்த்துச் சுடும். தோலின் நிறத்தை டாக்டர்கள் 6 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க டாக்டர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் ஆரம்பித்து வைத்த கணக்கு அது. தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோர் 4, 5-ம் வகைதான். நமக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி. யாக் என்ற லேசர் பாதுகாப்பு அதிகம். அது தோலின் மேல் நிறமியை அதிகம் தொடாமல் ஆழமாகப் போகும். டயோடு லேசரும் செய்கிறார்கள். ஆனால் சக்தியைக் குறைத்து, தோலைக் குளிரவைத்துக்கொண்டே செய்ய வேண்டும். முதலில் சின்ன இடத்தில் வைத்துப் பார்த்து, சில நாள் பொறுத்துத்தான் முகம் முழுக்க.

எங்கள் பெண் மாசி முழுக்க வெங்காயக் காட்டில் நின்றவள். வெயிலில் கறுத்த தோலோடு போயிருக்கிறாள். "வெயிலில் வேலை செய்தாயா?" என்றும் கேட்கவில்லை, சோதித்தும் பார்க்கவில்லை. முதல் நாளே மோவாய், கன்னம் எல்லாம் செய்துவிட்டார்கள். கருவியைப் பிடித்தவர் டாக்டரும் இல்லை. கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பி வாங்கவே என் வீட்டுக்காரர் 4 தடவை அலைந்தார். அது தனிக் கதை.

நல்ல வேளை, அது ஆழமான தழும்பு இல்லை. காயம் ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்புதான், நம் தோலுக்கு அது வழக்கம், மாதக்கணக்கில் மெள்ள மறையும் என்றார் டாக்டரம்மா. மிதமான ஒரு கிரீமும், வெயில் படாமலிருக்க சன் ஸ்கிரீனும் கொடுத்தார். "வேற எதையும் பூசாதே" என்று மூன்று தடவை சொன்னார்.

மூன்று தடவை சொன்னதற்குக் காரணம் இருந்தது. இவள் கல்லூரி நாளிலிருந்து, சிவப்பாகலாம் என்று யாரோ சொன்ன ஒரு கிரீமை மருந்துக் கடையில் வாங்கிப் பூசி வந்திருக்கிறாள். டியூபைக் காட்டியதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டீராய்டு கலந்த கிரீம். முதல் 2 வாரம் முகம் பளபளவென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, பரு வந்து, வெயிலில் போனால் எரிந்து, கடைசியில் முகத்தில் முடியும் வளருமாம்! முடிக்கு லேசர் தேடிப் போனவள் வருஷக்கணக்கில் முடிக்கே உரம் போட்டிருக்கிறாள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. இருந்தும் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபிட்டசோல் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். ரொம்ப நாள் பூசி வந்திருந்தால் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும். டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

போன இடத்தில் என் முகத்தையும் காட்டினேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் வந்த மங்கு எனக்கு இன்னும் போகவில்லை. ஜாதிக்காய் இழைத்துப் போட்டதில் எரிச்சல்தான் மிச்சம். "இதுக்காவது லேசர் உண்டா டாக்டர்?" என்றேன். "உங்களுக்கு முதல்ல வேண்டியது குடையும் சன் ஸ்கிரீனும். வெயிலைத் தடுக்காம மங்குக்கு லேசர் வைக்கிறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி. போன மாதிரி இருக்கும், திரும்ப வரும். நம்ம தோலுக்குச் சில சமயம் முன்னைவிடக் கறுத்தும் போகும்" என்றார். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை, வெயில் இவையெல்லாம் மங்குக்குக் காரணங்கள். நான் இப்போது காட்டுக்குப் போகும்போது அகலமான ஓலைத் தொப்பி போட்டுக்கொள்கிறேன். "சீமைத் துரைசாணி வர்றா" என்று களையெடுக்கிற பெண்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பாதிக்கு மேல் வெளுத்திருக்கிறது.

கழுத்தில் இருந்த மருவையும் காட்டினேன். மருவைக் கார்பன் டை ஆக்சைடு லேசரால் எடுக்கலாம், மின்சார ஊசியால் சுட்டும் எடுக்கலாம், இரண்டாவதுதான் மலிவு. (அந்தக் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் கண்டுபிடித்தவர் நம் மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்த குமார் படேல். பையன் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.) ஆனால் கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரி கறுத்து, கூடவே நிறைய மருக்கள் வந்தால், முதலில் சர்க்கரை பார்க்க வேண்டுமாம். நம்மில் எத்தனை பேர் அதை அழுக்கு என்று நினைத்து மஞ்சளும் பீர்க்கங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிறோம்! மச்சம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. பெரிதாகிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற மச்சத்தை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் எங்கேயும் சுட்டுக்கொள்ளக் கூடாது.

இப்படிச் சொல்வதால் லேசரே கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை பிறக்கும்போதே முகத்தில் இருக்கும் செந்நிறத் தழும்பைக் கிரகணம் பட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதற்கென்றே லேசர் இருக்கிறது, சின்ன வயதிலேயே காட்டினால் நல்லது. கண்ணைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் நீலச் சாம்பலாக இருக்கும் மறுவுக்கு லேசரைப் போல் வேறு வைத்தியம் கிடையாது. பச்சை குத்தியதையும் பல தடவை செய்து மங்க வைக்கலாம். (என் அப்பத்தா கையில் முழங்கை வரை கோலம். அதை எடுக்கலாம் என்று சொன்னால் கையிலிருப்பதை எடுத்து வீசும்.) பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் லேசர் கருவி உண்டு. எதற்கும் தோல் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தனியாரிடம் பணம் கட்டுங்கள்.

கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறைத்து நடத்தக் கூடாது என்பதில் என் வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றார். தாய்மாமன் என்ற முறையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், லேசர் சுட்டதையும் ஸ்கேனில் இருந்ததையும் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் சாப்பிடவே இல்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, "டாக்டர் சீட்டை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். போனோம். வரி வரியாகப் பார்த்துவிட்டு, "எங்க பெரிய பொண்ணுக்கும் இதே நீர்க்கட்டிதான். 4 வருஷம் கழிச்சுப் பொறந்தான் பேரன்" என்றார். அடுத்த தடவை திருச்சிக்கு அவரும் கூட வந்தார். தேதியை மட்டும் ஆவணிக்குத் தள்ளினார்கள். முகூர்த்தத்தன்று கன்னத்தில் லேசாக நிழல் மாதிரி இருந்தது. யாரும் கேட்கவில்லை.

முடி இன்னும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள், மாதவிலக்கு ஒழுங்காகி வருகிறது. இடையில் கத்தரித்துக்கொள்கிறாள், மழித்தாலும் முடி தடிக்காது, அது வெறும் பேச்சு என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். ஹார்மோன் அடங்கிய பிறகு, வேண்டுமென்றால் தோல் டாக்டரிடமே லேசர் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். லேசர் வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே பிடிக்கும். அதனால்தான் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை, 6 முதல் 8 தடவை வரை செய்ய வேண்டியிருக்கிறது. ஆவணியில் கல்யாணம் என்றால் முந்தின ஐப்பசி, கார்த்திகையிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு மாதம் முன்னால் போய்ப் பயன் இல்லை. அதற்கு முன்னால் சில வாரம் நூலோ வேக்ஸோ வைக்கக் கூடாது, வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. வெயிலில் கறுத்திருந்தால் அது தெளியும் வரை காத்திருக்க வேண்டும். நரைமுடியும் பூனை முடியும் லேசருக்கு அடங்காது. பூனை முடி உள்ள கன்னத்தில் செய்து, இருந்ததைவிட அதிகமாக வளர்ந்தவர்களும் உண்டு. "ஆயுசுக்கும் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகக் குறையும், நடுநடுவே திரும்பச் செய்ய வேண்டிவரும். வெட்டுப்பட்ட இடம் தடித்துப் புடைக்கிற உடம்பா, கர்ப்பமா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செய்யும்போது கண்ணுக்கு அதற்குரிய மூடி போடாமல் கருவியைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மகளைக் கூட்டிப் போகும்போது காலண்டரைப் பார்த்து, கடைசி 6 மாதத்து மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முகத்துக்குப் பூசுகிற டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், தீர்ந்துபோன டியூபாக இருந்தாலும் சரி.

— ஒரு வாசகி, செட்டிகுளம்.